இரண்டாம் முறை கை வைத்தார்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். பொதுக்காலம் ஆறாம் வாரம், புதன்கிழமை. நற்செய்தி வாசகம்: மாற்கு 8:22-26)



இன்றைய நற்செய்தியில் வருகிற பார்வையற்ற மனிதருக்குப் பெயர் இல்லை. பெத்சாய்தா ஊரார் அவரை ஆண்டவரிடம் கூட்டி வருகிறார்கள். ஆண்டவர் அவரைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்திக் குணமாக்கவில்லை. கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். அங்கே அவருடைய கண்களில் உமிழ்ந்து, கை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று விசாரிக்கிறார். அந்த மனிதர் மறைக்காமல் சொல்கிறார்: ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, ஆனால் மரங்களைப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது என்று. ஆண்டவர் மறுபடியும் கை வைக்கிறார். அதன் பிறகுதான் பார்வை தெளிவாகிறது.

இயேசு ஒருவரை இரண்டு தடவையாகக் குணமாக்கியதை நான்கு நற்செய்திகளிலும் இந்த ஓர் இடத்தில் மட்டுமே பார்க்கிறோம். மத்தேயுவும் லூக்காவும் இந்த நிகழ்ச்சியை எழுதவில்லை. குருமடத்தில் படித்த நாட்களில் எனக்கு இந்தப் பகுதி சற்றுச் சங்கடமாக இருந்தது. ஒரே வார்த்தையில் புயலை அடக்கியவருக்கு இங்கே ஏன் இரண்டாம் முறை தேவைப்பட்டது? விளக்கங்கள் பல உண்டு. எனக்கு அது புரிந்தது புத்தகத்தில் அல்ல, ஒரு தாயிடம்.

ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் பக்கத்து ஊர்களில் ஒன்றிலிருந்து வந்த தாய் அவர். எந்த ஊர் என்று நேயர்கள் தேட வேண்டாம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதைச் சொல்ல அவரிடமும் அவருடைய மகனிடமும் அனுமதி கேட்டுக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து நின்றார்.

“சாமி, ஒரு பூசை வைக்கணும். பேரு வேணாம்.”

“என்ன கருத்துக்கும்மா?”

“நோயாளிக்குன்னு மட்டும் போட்டுக்கங்க.”

பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். நான்காம் முறை நான் எதுவும் கேட்காமலே அழத் தொடங்கினார். மகனுக்கு எச்.ஐ.வி. வெளியூரில் வேலை பார்த்தபோது கூட்டாளிகளோடு சேர்ந்து ஊசி போட்டுக்கொண்ட பழக்கம். காய்ச்சலும் இருமலும் விடாமல் இருந்ததால் அரசு மருத்துவமனையில் பரிசோதித்தபோது காசநோயும் இதுவும் ஒன்றாகத் தெரியவந்திருக்கிறது.

“முதல் மாசமே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா?”

“நீங்கதான் சாமி கோயில்ல சொன்னீங்க, போதைக்காரன் வீட்டுல பிசாசு குடியிருக்குன்னு. நான் எப்படி வந்து சொல்லுவேன்?”

பிரியமானவர்களே, அந்தப் பிரசங்கம் என்னுடையது. தவக்காலத்தில் வைத்தது. நன்றாக இருந்தது என்று பலர் கை கொடுத்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு தாய் மூன்று மாதம் என் வாசல் வரை வந்து வாயைத் திறக்காமல் திரும்பியிருக்கிறார்.

ஊசி போதை என்றால் எங்கோ பெரிய நகரத்து விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கஞ்சாவைப் பற்றி நம் பகுதிக்குத் தெரியும், சாராயத்தைப் பற்றி நன்றாகவே தெரியும். கடுமையான வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கிற மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி இப்போது நம் மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் செய்தி வருகிறது. மாத்திரை ஊசிக்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால் நரம்பு அடைத்து, கை புண்ணாகிறது. அளவு மீறினால் மூச்சு நின்று அங்கேயே உயிர் போகிறது. அதையெல்லாம் தாண்டினாலும், ஒரே ஊசி நான்கு கைகளுக்குப் போகும்போது ஒருவரின் ரத்தம் அடுத்தவருக்குள் நேராகப் போய்ச் சேருகிறது. எச்.ஐ.வி. பரவுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி கிருமியும் அதே வழியில்தான் வருகிறது.

எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மணிப்பூரில் 1989 செப்டம்பர் வரை ஊசி போதைக்கு உட்பட்டவர்களைச் சோதித்தபோது எச்.ஐ.வி. இல்லை. ஆறே மாதத்தில் அவர்களில் பாதிப்பேரிடம் இருந்தது. பிறகு மனைவியருக்குப் போனது, கருவிலிருந்த குழந்தைகளுக்குப் போனது. நம் தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1986இல் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. சென்னையில் ஊசி போதை வழியாக அது பரவியது 1990களிலேயே தெரிந்த விஷயம்.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மருந்து நம் ஏழைகளின் கைக்கு எட்டவில்லை. இறந்தவரின் உடலைத் தொடக் குடும்பத்தாரே தயங்கிய அடக்கச் சடங்குகளை மூத்த குருக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அப்போது தொடங்கிய மையங்களுள் ஒன்று. இன்று நமக்குத் தேனி பக்கத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. முன்பு கைநிறைய விழுங்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று, காசு கிடையாது.

ஒரு நாளைக்கு ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறது. சிரியா நாட்டுப் படைத்தலைவர் நாமானுக்கும் எளிதான காரியம் சொல்லப்பட்டதால்தான் கோபம் வந்தது. யோர்தானில் ஏழு முறை மூழ்கு என்றார் எலிசா. பெரிய காரியமாகச் சொல்லியிருந்தால் செய்திருப்பார். ஆறாவது முறை மூழ்கி எழுந்தபோது அவர் உடம்பில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று வேதாகமம் சொல்லவில்லை.

அந்த மகனை ஒரு வழியாகப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். மருந்து தொடங்கி உடம்பு தேறியதும் மற்றவர்களோடு ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். உங்களுக்குத் தெரியும், விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத் தோட்டங்களுக்குப் போகும் வேலை. சில வாரம் தோட்டத்து லயத்திலேயே தங்கல். மாத்திரையை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

“டப்பா சத்தம் போடுது சாமி.”

எனக்கு முதலில் புரியவில்லை. முப்பது மாத்திரை கொண்ட பிளாஸ்டிக் டப்பா. ஜீப் வளைவில் திரும்பும்போதெல்லாம் பைக்குள் கிலுகிலு என்கிறது. பக்கத்தில் இருந்தவர், பைக்குள்ள என்னடா கிலுகிலுப்பை என்று கேட்டிருக்கிறார். மறுநாள் டப்பாவுக்குள் பஞ்சைத் திணித்தான். அதன் பிறகு, மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனான். வியர்வையில் நனைந்து போயிற்று. லயத்தில் ஒரே அறையில் ஆறு பேர். எதற்காக ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போடுகிறாய் என்று ஒருவர் கேட்டால் போதும். பிறகு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான்.

நடுவில் ஊசியும் திரும்பி வந்தது. மலைக்குளிரில் உடம்பு வலி, பழைய கூட்டாளியின் போன். அதையும் மறைக்காமல் சொன்னான். போதையில் இருக்கிற நாளில் மணி எட்டு ஆனது தெரியாது. தெரிந்தாலும், இந்தக் கையால் மருந்தைத் தொட என்ன யோக்கியதை என்று தோன்றுமாம். ஊசி போட்ட அன்றைக்கு மாத்திரை சாப்பிடக் கூடாது என்று அவனாகவே ஒரு சட்டம் வைத்திருக்கிறான். நோன்பு முறிந்த அன்று நற்கருணை வாங்காமல் போவது போல!

இங்கே நான் நேயர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், வீட்டில் இப்படி யாராவது இருந்தால் அவர் காதிலும் விழட்டும். போதை எடுத்த நாளிலும் மாத்திரையைச் சாப்பிட வேண்டும். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிட வேண்டும், இரண்டாகச் சேர்த்து அல்ல. அந்த மருந்து நல்லவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, ரத்தத்தில் கிருமி பெருகாமல் பிடித்து வைக்கும் பூட்டு. விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்து, கிருமி பெருகி, அந்த மருந்துக்கே பழகிவிடுகிறது. பிறகு அதே மாத்திரை வேலை செய்யாது. தவறாமல் சாப்பிட்டு வந்தால் கிருமி பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைகிறது. அந்த நிலை தொடரும்வரை கணவன் மனைவி உறவில் அது துணைக்குத் தொற்றுவதில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசியைப் பகிர்ந்துகொள்ள இது அனுமதி அல்ல.

ஏலச்செடியை வைத்து அவனிடம் பேசினேன். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியதை எடுத்துவிட்டு வருகிறார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்கு மறுபடியும் குனிகிறார்கள். ஒரே எடுப்பில் முடியவில்லையே என்று எந்தத் தோட்டக்காரரும் செடியைப் பிடுங்கி எறிவதில்லை. “அது செடி சாமி” என்று சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் இன்னொன்றும் நடந்திருந்தது. வெளியூரில் ஒரு செபக்கூட்டத்தில், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று ஒருவர் அவன் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். அவனும் நம்பி நான்கு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, உனக்கு விசுவாசம் பத்தாது என்று பழி அவன் மேலேயே விழுந்தது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒருவருக்காகச் செபிக்க எனக்கும் உங்களுக்கும் உரிமை இருக்கிறது. அவருடைய மருந்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். மருத்துவரையும் மண்ணில் விளையும் மருந்தையும் கடவுளின் படைப்பாகவே அந்நூல் மதிக்கிறது.

அவனுக்கு ஒரு புனிதரின் கதையைச் சொன்னேன். நம்மில் பலருக்குத் தெரியாத புனிதர். பெயர் மாற்கு ஜி தியான்சியாங். சீன நாட்டில் 1834இல் பிறந்தவர். மருத்துவர், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். தமக்கு வந்த வயிற்று நோய்க்கு அபினை மருந்தாக எடுத்தார், பிறகு அதை விட முடியவில்லை. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். மனந்திரும்பியிருந்தால் ஏன் அதே பாவத்தோடு மறுபடியும் வருகிறாய் என்று குரு பாவமன்னிப்பு தர மறுத்தார். அடிமைத்தனம் ஒரு நோய் என்பது அக்காலத்தில் யாருக்கும் புரியவில்லை. முப்பது ஆண்டுகள் அவருக்கு நற்கருணை இல்லை. நினைத்துப் பாருங்கள், முப்பது ஆண்டுகள்! ஆனாலும் கோயிலை விட்டுப் போகவில்லை. 1900இல் பாக்ஸர் கலகத்தின்போது அவரையும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் பிடித்துப் போனார்கள். தம் குடும்பத்தில் ஒருவரும் தனியாகச் சாகக் கூடாது என்பதற்காகத் தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று, மாதா பிரார்த்தனை பாடிக்கொண்டே இறந்தார். 2000 அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மற்ற சீன மறைசாட்சிகளோடு சேர்த்து அவருக்கும் புனிதர் பட்டம் அளித்தார்.

அபினை விட்டபின் புனிதரானவர் அல்ல. அதைக் கேட்டு அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “அவருக்கு மருந்து இல்ல, எனக்கு இருக்கு” என்றான் கடைசியில்.

உண்மைதான், இன்று போதை அடிமைத்தனத்துக்கும் சிகிச்சை உண்டு. ஓபியம் வகைப் பழக்கத்துக்கு ப்யூப்ரெனார்பின் என்ற மாத்திரையைச் செவிலியர் முன்னிலையில் நாக்கின் அடியில் வைத்துக் கொடுக்கும் மையங்கள் நம் நாட்டில் நடக்கின்றன. நடுக்கமும் வலியும் அடங்கி ஊசியைத் தேடும் வெறி குறைகிறது. அதில் நிலைத்திருப்பவர்கள் எச்.ஐ.வி. மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். ஊசியை இன்னும் விட முடியாதவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் திட்டத்தையும் அரசு நடத்துகிறது. இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். பாவத்துக்கு உடந்தை ஆகாதா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். திருச்சபைக்குள்ளும் இதைப் பற்றி விவாதம் உண்டு, அதை இந்தப் பத்து நிமிட உரையில் தீர்த்துவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அதைக் குற்றமாகக் கருதவில்லை. என் அனுபவத்தில் கண்டதை மட்டும் சொல்கிறேன்: செத்துப்போனவன் மனந்திரும்பி வருவதில்லை. உயிரோடு இருந்தால் ஒரு நாள் வருவான்.

அதே சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, அதைக் காரணமாக வைத்து வேலையை விட்டோ பள்ளியை விட்டோ நீக்கக் கூடாது, மருத்துவமனை கைவிடக் கூடாது. இன்றைய நற்செய்தியின் முடிவில் ஆண்டவர் குணமானவரிடம் என்ன சொன்னார்? ஊருக்குள் நுழையாமல் நேரே வீட்டுக்குப் போ என்று. ஊர் வாய் எப்படிப்பட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே அன்பியக் கூட்டங்களில் ஒருவரின் நோயைச் செபக் கருத்தாக மாற்றி ஊருக்குச் சொல்லாதீர்கள். ஜீப்பில் பக்கத்தில் இருப்பவரின் பைக்குள் எது கிலுகிலுத்தாலும் கேட்காதீர்கள். மேஸ்திரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒருவர் கேட்டால், எதற்கு என்று துருவாமல் அனுப்புங்கள். மலையேறிப் பல வாரம் தங்குகிறவர்கள் புறப்படும் முன்பே ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரிடம் சொல்லுங்கள். வேறு மாநிலத்து மையத்திலும் மருந்து வாங்கிக்கொள்ள அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். எச்.ஐ.வி. பற்றி எதைக் கேட்கவும் 1097, போதை மீட்புக்கு 14446, இரண்டுமே கட்டணமில்லாத தொலைபேசி எண்கள்.

அந்த மகன் மறுபடியும் மருந்து தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. நடுவில் ஒரு முறை ஊசிக்குப் போனான். மறுநாள் காலையில் அவனே போன் செய்தான். அன்று ராத்திரி மாத்திரையைச் சாப்பிட்டேன் என்பதையும் சொன்னான். டப்பா இப்போது வீட்டில் இல்லை. ஒரு டப்பா ஜீப் ஓட்டுகிற தாய்மாமனின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். இன்னொன்று எங்கள் சக்ரீஸ்து அலமாரியில், திருப்பலி உடைகளுக்குக் கீழே. ஊரில் இருக்கும் நாட்களில் எட்டு மணிக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பான்.

அடுத்த மாதம் அவனுக்கு ரத்தத்தில் கிருமி அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. ஞாயிறு காலைப் பூசை அதற்காக. பெயர் போடவில்லை, நோயாளிக்காக என்று மட்டும் பலகையில் எழுதியிருக்கும். வருகிறவர்கள் சேர்ந்து மன்றாடுங்கள்.